சிற்றுருவ இருப்புப் பாதையும் ஏழங்குலக் குறையும்

பொம்மை குழந்தைக்குரியது, குழந்தைக்குரியது அற்பமானது, அவ்வற்பத்தில் முப்பது வயது கடந்த ஆடவன் தன் மாலைப் பொழுதைச் செலவிடுவானாயின் அவன் அறிவில் ஏதோ பிசகு இருத்தல் வேண்டும் என்று முடிவு கட்டுவோர் நம்மவரில் பலர். பித்தளைத் தகட்டையும் அரத்தையும் முன்வைத்துக்கொண்டு, இரண்டங்குல உயரமே உள்ள நீராவி எஞ்சினுக்குப் புகைபோக்கி பொருத்திக்கொண்டிருக்கும் தோட்டக் கிராணியைக் காணின் அவர்கள் நகையாமல் இரார். அந்நகைப்பை மாற்றுதற்கு நாம் எழுதப் புகவில்லை. சிற்றுருப் புகைவண்டி என்னும் இப்பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு. வாணிகமும், போரும், நாடுவிட்டு நாடு சென்றோர் வாழ்வும் அதனுள் பின்னிக் கிடக்கின்றன. அதனைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு அரிதாகலின் எழுதத் துணிந்தோம்.

பிரிட்டிஷ் ரயில்களின் சிற்றுருவங்கள் என்றவுடன், அவை பிரிட்டனிலேயே பிறந்து, பிரிட்டானியர் கையாலேயே வளர்ந்தவை என்று எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. அக்கலையின் திருப்பங்கள் ஒவ்வொன்றிலும் அந்நாட்டுக்கு வெளியே இருந்தவர் ஒருவரையோ, வெளியிலிருந்து வந்தவர் ஒருவரையோ காண்கிறோம். கடல் கடந்து வாழ்ந்துகொண்டு சீமை ரயிலைச் செய்பவன் விசித்திரமான பிராணி அல்லன்; அவன் ஒரு பழைய மரபின் வழி வந்தவன்.

அளவைப் பற்றிச் சிறிது கூறிய பின்னரே மேலே செல்லுதல் தகும். இன்று பிரிட்டனில் பெருவழக்காக உள்ள சிற்றுருவம், மெய்யான பொருளின் ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அமைந்தது. ஏறத்தாழ எழுபத்தாறில் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் செங்கல் இவ்வளவில் 3 மில்லிமீட்டர் நீளம். சுவரில் அதன் ஒரு வரிசை 1 மில்லிமீட்டர் உயரம். ஆறடி மனிதன் 24 மில்லிமீட்டர். ஒரு மைல் தூரம் 21 மீட்டரில் அடங்கிவிடும். லண்டனிலிருந்து சுவிண்டன் வரை 77 மைல். அதை அப்படியே இட வேண்டுமானால் 1,600 மீட்டருக்கு மேல் வேண்டும். நம் தோட்டத்து அலுவலகத்தில் தொடங்கினால், பால் நிறுக்கும் கொட்டகையையும் தாண்டி அடுத்த தோட்டத்து எல்லைக்குள் போய்விடும்! எனவே இக்கலையில் எதை வைப்பது, எதை விடுவது என்ற தேர்வு இன்றியமையாதது. வரலாறு எழுதுவோனுக்கும் அதே தொல்லைதானே?

இனி, 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் நகரக் கண்காட்சிக்குச் செல்வோம். இங்கிலாந்தின் நார்த்தாம்டன் நகரத்தைச் சேர்ந்த பாஸட்-லோக் என்ற இளைஞர் அங்கே வந்திருந்தார். 1877-இல் பிறந்தவர், தந்தையார் எஞ்சின் கொதிகலன் தொழிலில் இருந்தவர். சிறு நீராவி எஞ்சின்களுக்கு வேண்டிய உறுப்புகளைத் தபால் மூலம் விற்கும் வியாபாரத்தை அவர் அப்போதுதான் தொடங்கியிருந்தார். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துப் பிங் கம்பெனியின் விளையாட்டுப் பொருள்களை அக்கண்காட்சியில் கண்டார். தகரத்தை அச்சில் அழுத்தி வடிவமைப்பதிலும், அதன்மேல் வண்ணம் அச்சிடுவதிலும் நியூரம்பர்க் தொழிலாளருக்கு ஈடாக அக்காலத்தில் எவரும் இலர். ஆனால் அவர்கள் செய்த ரயில்களோ உருவத்தில் ஐரோப்பியக் கண்டத்து ரயில்கள். இங்கிலாந்தில் விற்கும்போது வண்ணத்தை மட்டும் மாற்றி அனுப்பினர். ஜெர்மன் உடலுக்கு ஆங்கிலச் சட்டை!

பாஸட்-லோக் கேட்டது வேறு. பிரிட்டிஷ் எஞ்சினைப் பிரிட்டிஷ் எஞ்சினாகவே செய்து தர முடியுமா என்று கேட்டார். முடியும், வரைபடம் கொடுங்கள் என்றனர். வரைபடம் கொடுக்க ஹென்றி கிரீன்லி என்பவர் கிடைத்தார். 1876-இல் பிறந்த இவர், லண்டனில் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் வரைபட அலுவலகத்தில் பணிபுரிந்தவர். பிற்காலத்தில் கென்ட் கரையோரத்தில் 1927-இல் திறக்கப்பட்ட பதினைந்து அங்குல அகலமுள்ள ராம்னி, ஹைத், டிம்சர்ச் இருப்புப் பாதையின் பொறியாளரும் இவரே. கிரீன்லி வரைந்தார், நியூரம்பர்க் செய்தது, நார்த்தாம்டன் விற்றது. லண்டன் வடமேற்கு ரயில்வேயின் 'பிளாக் பிரின்ஸ்' எஞ்சின் இவ்வாறு சிற்றுருவாகிப் புகழ் பெற்றது. அதைச் செய்த கைகளுள் பெரும்பாலானவை மெய்யான எஞ்சினைத் தொட்டிருக்க மாட்டா. அவர்கள் கண்டது தாளில் எழுதிய அளவை. கண்ணால் கண்டவன் மனத்தில் உள்ளதை நம்பிச் செய்வான். காணாதவனோ அளவை நம்பியே செய்ய வேண்டும். பொம்மை, மாதிரியாக மாறியது இந்த நெருக்கடியினாலேதான் என்பது நம் கருத்து.

பாஸட்-லோக்கைப் பற்றி இன்னும் இரண்டு வரி. அவர் பேபியன் சங்கத்துச் சமதர்மி. பெர்னார்ட் ஷாவின் நண்பர். நார்த்தாம்டனில் டெர்ன்கேட் வீதி 78-ஆம் எண் வீட்டை 1916-17-இல் ஸ்காட்லாந்துச் சிற்பி மாக்கின்டாஷைக் கொண்டு மாற்றியமைத்தார். 1926-இல் ஜெர்மானியர் பீட்டர் பேரன்ஸைக் கொண்டு புதுமுறை வீடொன்று கட்டுவித்தார். பொம்மை விற்றவர் வீட்டைப் பார்க்கக் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் செல்கின்றனர்.

1914-இல் போர் மூண்டது. நியூரம்பர்க்கிலிருந்து ஒரு பெட்டியும் வரவில்லை. போர் முடிந்த பின்னும் ஜெர்மன் சரக்கு என்றால் பிரிட்டனில் வெறுப்பு. அவ்வெற்றிடத்தில் நுழைந்தவர் லிவர்பூல் பிராங்க் ஹார்ன்பி. இவர் யார்? நம்மைப் போன்ற கிராணி! இறைச்சி இறக்குமதி செய்யும் வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில் கணக்கெழுதியவர். தம் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட உலோகப் பட்டைகளைச் செய்து, அவற்றைத் திருகாணியால் பூட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் கட்டக் கற்பித்தார். 1901-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று உலகம் அறிந்தது அதுவே. 1920-இல் அவர் பெயரிலேயே ரயில்கள் வெளிவந்தன. 1931-இல் எவர்டன் தொகுதியிலிருந்து பார்லிமெண்ட் அங்கத்தினருமானார், 1936-இல் காலமானார். ஹார்ன்பியின் முதல் ரயில்கள் மாதிரி என்று சொல்லத்தக்கனவல்ல. சாவி கொடுத்தால் வட்டமிடும் உறுதியான தகரப் பொம்மைகள். ஆயினும் ஒரு தலைமுறைச் சிறுவர் அனைவரையும் ரயில் பித்தராக்கியவை அவை. பித்தர் வளர்ந்த பின்னர்த்தான் அளவு கேட்கத் தொடங்கினர்.

இங்கேதான் தலைப்பிற் கூறிய ஏழங்குலக் குறை வருகிறது. இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

அக்காலத்தில் பெருவழக்காக இருந்த பாதை, தண்டவாளங்களுக்கிடையே 32 மில்லிமீட்டர் அகலமுள்ளது. பூஜ்ய அளவு எனப்படுவது. அதற்கு ஓர் அறை முழுதும் வேண்டும். தொழிலாளியும் கிராணியும் குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமேது? 1922-இல் பிங் கம்பெனி மேசைமேல் வைத்து ஓட்டக்கூடிய சிறு ரயிலை வெளியிட்டது. பாஸட்-லோக் அதனைப் பிரிட்டனில் விற்றார். பூஜ்ய அளவில் ஏறத்தாழப் பாதி. பின்னர் நாளடைவில் அப்பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர் என்று நிலைபெற்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மெய்யான இருப்புப் பாதையின் அகலம் நான்கடி எட்டரை அங்குலம். ஓரடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்று வைத்தால் அது 16.5 மில்லிமீட்டர் ஆகிறது, கணக்குச் சரி. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதனையே கொண்டன. பிரிட்டனுக்கு மட்டும் ஒரு சங்கடம். ரயில் பாதையை உலகுக்கு முதலில் இட்டவர் பிரிட்டானியர். முதலில் இட்டமையால் பாலங்களையும் சுரங்கங்களையும் சிறியனவாகக் கட்டிவிட்டனர். அவற்றினூடே செல்ல வேண்டிய எஞ்சின்களும் பெட்டிகளும் கண்டத்து வண்டிகளினும் உயரத்திலும் அகலத்திலும் குறுகியனவாயின. அக்குறுகிய எஞ்சினை 3.5 மில்லிமீட்டர் அளவில் செய்தால், அந்நாளைய மின்மோட்டார் அதன் வயிற்றுக்குள் நுழையவில்லை! மேலும் சிற்றுருச் சக்கரங்கள் தடித்தவை. கூர்மையாக வளையும் மேசைப் பாதையில் அவை பக்கவாட்டில் அசைய இடம் வேண்டும். வெளிப்புறத்து உருளைகளும் தண்டுகளும் அவற்றில் இடியாமல் இருக்க வேண்டும்.

என் செய்வது? எஞ்சின் உடலை மட்டும் சிறிது பெருக்கி, ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் ஆக்கினர். பாதையைப் பெருக்கவில்லை, அது 16.5-ஆகவே நின்றது. இவ்வேற்பாட்டை ஆதரித்தவருள் கிரீன்லி முக்கியமானவர். நான்கு மில்லிமீட்டர்க் கணக்கில் சரியான அகலம் 18.83 மில்லிமீட்டர். 16.5 மில்லிமீட்டரோ நான்கடி ஒன்றரை அங்குலத்துக்குச் சமம். ஆக, பிரிட்டிஷ் சிற்றுரு ரயில் ஒவ்வொன்றும் ஏழங்குலம் ஒடுங்கிய பாதையில், தோள் அகன்று கால் ஒடுங்கிய மனிதனைப் போல் நிற்கிறது. முன்னின்று பார்த்தால் கண்ணில் உடனே படும்.

மோட்டார் சிறுத்த பின்னர் இதனை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு வழியில்லாமற் போயிற்று. 1938-இல் ஹார்ன்பி கம்பெனியார் 'டப்ளோ' என்ற பெயரில் இந்த அளவிலேயே ரயில் வெளியிட்டனர். உலகப் போரின் பின் 1950-இல் பிளாஸ்டிக் எஞ்சின்களோடு வந்த புதிய கம்பெனியாரும் இதனையே பின்பற்றினர். வீட்டுக்கு வீடு 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளம் பரவிவிட்டது. புதிய எஞ்சின் செய்பவன் பழைய தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினைச் செய்தால்தான் விற்கும். புதிய தண்டவாளம் செய்பவன் பழைய எஞ்சினுக்கு ஏற்பச் செய்தால்தான் விற்கும். காரணம் மறைந்து எத்தனையோ ஆண்டுகளாயின. காரியம் மட்டும் நிற்கிறது. பழக்கம் என்பதன் வலிமையை விளக்க இதனினும் தெளிவான சான்று, சில்லிமீட்டர்க் கணக்கோடு, வேறெங்கும் கிடைப்பது அரிது.

இக்குறையைப் பொறாதவர் சிலர் இருந்தனர். அவர்கள் கம்பெனிகளை எதிர்பார்க்கவில்லை. முதலில் 18 மில்லிமீட்டர், பின்பு 18.2 மில்லிமீட்டர் என்று பாதையை அகற்றி இட்டனர். 1955-இல் இவர்களுக்கெனச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. 1966-இல் வேறொரு குழுவினர், ஏன் அரைகுறை என்று கேட்டு, 18.83 மில்லிமீட்டர் என்னும் சரியான அகலத்துக்கே விதிகள் வகுத்தனர். அகலம் மட்டுமன்று, சக்கரத்தின் தடிப்பும், தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் அதன் விளிம்பின் ஆழமும் மெய்யளவின்படியே குறைக்கப்பட்டன. அத்துணை மெல்லிய விளிம்பு பாதையின் மேடுபள்ளத்தில் நழுவாதிருக்க, எஞ்சினின் அச்சுகள் சிறிது ஏறி இறங்குமாறு அமைக்க வேண்டும். கடையில் வாங்கும் எதுவும் அப்படியே உதவாது. எஞ்சினின் அடிச்சட்டத்தைக் கழற்றிப் புதிதாகச் செய்தல், சக்கரம் மாற்றுதல், தண்டவாளத்தைக் கட்டையோடு கட்டையாகத் தானே பற்றவைத்தல் என்று ஓராண்டு உழைத்தால் ஓரெஞ்சின் ஓடும்.

இவர்களைக் கிறுக்கர் என்று இகழ்வாரோடு நாம் சேரோம். எனினும் நம் கையிலுள்ள கிரேட் வெஸ்டர்ன் கிளைப்பாதை 16.5-இல்தான் ஓடுகிறது. கிராணிச் சம்பளத்தில் எஞ்சின் வாங்குவதே பெரிது. வாங்கியதை அறுத்துச் சக்கரம் மாற்ற மனம் வருவதில்லை!

அகலம் ஒருபுறமிருக்க, நுணுக்கம் சேர்த்தல் என்பது இக்கலையின் மற்றொரு பெரும் பகுதி. கடையில் வாங்கிய எஞ்சின் பளபளவென்று இருக்கும். மெய்யான எஞ்சினோ கரியும் எண்ணெயும் சுண்ணாம்புக் கறையும் படிந்தது. வாங்கியவன் அதன் கைப்பிடிக் கம்பியை எடுத்துவிட்டு மெல்லிய பித்தளைக் கம்பி பொருத்துவான்; நிலக்கரி போல் வார்த்த பிளாஸ்டிக்கை அகற்றி உண்மைக் கரியை உடைத்து ஒட்டுவான்; முன்புறத்தில் விளக்கு வைப்பான். அவ்விளக்கிலும் இலக்கணம் உண்டு. இரு மோதுதாங்கிகளின் மேலும் ஒவ்வொன்றாக இரண்டு விளக்கு இருந்தால் விரைவு வண்டி. புகைபோக்கியின் அடியில் ஒன்று மட்டும் இருந்தால் சாதாரணப் பயணி வண்டி. நான்கிடத்திலும் நான்கு இருந்தால் அரச குடும்பத்தினர் செல்லும் வண்டி. கைகாட்டிப் பணியாளன் தொலைவிலேயே கண்டு, வருவது இன்னதென்று அறிவதற்கான ஏற்பாடு அது. ஒரு கிராமத்துக் கிளைப்பாதையில் நான்கு விளக்கு வைத்தோடும் குட்டி எஞ்சினைக் கண்டால், விஷயம் தெரிந்தவர் அரசியார் எங்கே என்று தேடுவர்.

வண்ணமோ இதனினும் பெருந்தொல்லை. பிரிட்டனில் 1923-இல் நூற்றுக்கு மேற்பட்ட ரயில் கம்பெனிகள் நான்கு பெருங் கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. 1948-இல் அந்நான்கும் அரசுடைமையாயின. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி வண்ணம். அதுவும் காலந்தோறும் மாறும். லண்டன்-பிரைட்டன் ரயில்வேயின் எஞ்சின் அதிகாரியாக 1870 முதல் 1889 வரை இருந்த வில்லியம் ஸ்ட்ரௌட்லி, தம் பயணி எஞ்சின்களுக்குப் பூசிய வண்ணத்துக்கு 'மேம்பட்ட எஞ்சின் பச்சை' என்று பெயரிட்டார். அது பச்சையன்று, மஞ்சட்காவி! அவருக்கு வண்ணக்குருடு என்பார் ஒரு சாரார். கம்பெனி பச்சைக்குத்தான் அனுமதி தந்திருந்தது, பெயரை மாற்றாமல் வண்ணத்தை மாற்றிவிட்டார் என்பார் மற்றொரு சாரார். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் மஞ்சளும் பச்சையும் ஒன்றே. ஆதலின் பழைய வண்ணச் சில்லுகளையும், பட்டறைக் குறிப்புகளையும், வரைபடங்களையும் தேடித் திரட்ட வேண்டியதாயிற்று. 1950-இல் பிரிட்டனில் வரலாற்றுச் சிற்றுரு ரயில் சங்கம் தோன்றியது இத்தேவையினால்தான். ஒரு சரக்கு வண்டியின் பக்கப் பலகை எத்தனை, அதில் எழுத்து எவ்விடத்தில் என்று தேடியவர்கள், பல்கலைக்கழகத்து ஆசிரியர் எவரும் கவனியாத ஏடுகளைக் குப்பைக்குப் போகாமல் காத்தனர். பொம்மைக்காரர் சரித்திரக்காரரானது இவ்வாறு.

இனி, நாம் மிக விரும்பும் ஒருவரைப் பற்றிச் சொல்வோம். அவர் பெயர் ராய் இங்லண்ட். பெயரில் இங்லண்ட் இருந்ததேயன்றி, அவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தவர். 1925-இல், இருபது வயதுகூட நிரம்பாத இளைஞராக இங்கிலாந்து வந்தார். அந்நாட்டின் தென்பகுதியில் வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்றொரு நிலப்பகுதி. சுண்ணாம்புக் குன்றின் சரிவில் பழங்காலத்தார் செதுக்கிய பெரிய குதிரை வடிவம் அதற்குப் பெயர் தந்தது. கிரேட் வெஸ்டர்ன் ரயில் அதன் வழியே செல்கிறது. ரயிலைக் காண வந்தவர், ரயிலோரத்துக் கிராமங்களைக் கண்டு நின்றுவிட்டார். வைக்கோற்கூரை வேய்ந்த குடில்கள், கோணிய சுவர்கள், பல நிறச் செங்கற்கள். அவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டும் உருமாற்றப்பட்டும் வருவதையும் அவர் கண்டார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்க்கு அது நாள்தோறும் நடக்கும் சாதாரணச் செய்தி; தூர தேசத்திலிருந்து வந்தவர்க்கோ ஓர் உலகம் அழிவதாகத் தோன்றிற்று.

அவர் என்ன செய்தார்? கட்டுரை எழுதவில்லை, கூட்டம் கூட்டவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சென்று குடில்களை அளந்தார். வண்ணங்களைக் குறித்துக்கொண்டார். பின் 4 மில்லிமீட்டர் அளவில் அட்டையால் அவற்றைக் கட்டலானார். அட்டையின் மேல் ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியே கீறி, நீர்வண்ணத்தால் தனித்தனியே தீட்டுவது அவர் முறை. முன்னர்க் கூறிய கணக்கை நினைவிற் கொள்க. ஒரு செங்கல் 3 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் உயரம். ஒரு சுவரில் எத்தனை ஆயிரம்! ஒரு குடிலுக்கு மாதக்கணக்கிலும், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கிலும் உழைப்பு வேண்டும்.

1954-இல் லாங் விட்டன்ஹாம் என்னும் கிராமத்தில் அவர் பெண்டன் அருங்காட்சியகத்தை நிறுவினார். இங்குப் பாதை 18 மில்லிமீட்டர்; 16.5 அன்று. ஜான் ஏஹர்ன் என்பவர் 1930-களின் இறுதியில் கட்டத் தொடங்கிய மேடர் பள்ளத்தாக்கு ரயிலும் இன்று இங்கேதான் இருக்கிறது. ரயிலை மட்டுமன்றி ஊரையும் தெருவையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பதைப் பிரிட்டிஷ் சிற்றுருக் கலைஞர்க்குக் கற்பித்த முன்னோடி அது. ராய் இங்லண்ட் 1995-இல் காலமானார். அவர் தொடங்கிய பள்ளத்தாக்குக் காட்சி அவர் காலத்தில் முடியவில்லை. ஊதியம் பெறாத தொண்டர்கள் பலர் சேர்ந்து வளர்த்து வருகின்றனர். 1930-ஐ ஒட்டிய ஆங்கில நாட்டுப்புறம் அங்கே ஓர் அறைக்குள் நிற்கிறது.

அங்ஙனம் அளந்து வைத்தது நன்றாயிற்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1963-இல் டாக்டர் பீச்சிங் என்பவர் வெளியிட்ட அறிக்கை 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடலாம் என்றது. அவற்றுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் முக்கியப் பாதைகளில் நீராவி எஞ்சின் ஓட்டம் முடிந்தது. இன்று ஒரு கிளைப்பாதை நிலையத்தின் மேடை எவ்வளவு நீளம், கரி கொட்டும் இடம் எப்பக்கம் என்று அறிய விரும்புபவன், அந்த ஊருக்கே சென்றாலும் அங்கே புல்லைத்தான் காண்பான். அவ்வூர்க்காரனும் நம்மைப் போல் வரைபடத்தையும் பழைய படத்தையும் நம்ப வேண்டியவனே. காலத்தால் விலகியவனும் கடலால் விலகியவனும் இவ்விஷயத்தில் ஒரு வகுப்பார்.

நாடு கடந்தவர் பட்டியலில் இன்னும் ஒருவர் உளர். நியூரம்பர்க் பிங் குடும்பத்து ஸ்டெபான் பிங் யூதர். குடும்பக் கம்பெனியை விட்டு வெளியேறி, டிரிக்ஸ் என்ற வேறொரு கம்பெனியை நடத்தினார். ஒரே பாதையில் இரண்டு ரயில்களைத் தனித்தனியே ஓட்டும் அதன் உபாயம் நார்த்தாம்டனில் பாஸட்-லோக்கின் உதவியோடு பிரிட்டிஷ் வடிவில் வெளிவந்தது. ஹிட்லர் ஆட்சியின் கொடுமையால் தொழிலைக் கைவிட்டு, 1930-களின் பிற்பகுதியில் பிங் இங்கிலாந்துக்குப் புகலிடம் தேடி வந்தார். 1900-இல் வியாபாரத்திற்காகப் பிறந்த நட்பு, நாற்பதாண்டுகளுக்குள் உயிர் காக்கும் உறவாயிற்று. இன்று அத்தொழில் எங்கே? 1990-களில் ஹார்ன்பி பெயருள்ள ரயில்களின் உற்பத்தியும் சீனாவுக்குச் சென்றுவிட்டது. நியூரம்பர்க் தொழிலாளன் இருந்த இடத்தில் சீனத் தொழிலாளி அமர்ந்து, தாம் காணாத நாட்டு எஞ்சினுக்குத் தாம் ஏறாத பெட்டியைப் பூட்டுகிறார்.

நம் நாட்டில் இருந்து இதனைச் செய்வோர்க்கு உள்ள இடர்களைச் சுருக்கமாகச் சொல்வோம். அட்டை ஈரம் குடித்து வளையும். கட்டி முடித்த சுவரின் உட்புறமும் வெளிப்புறமும் அரக்கு நீர் பூசாவிடின் மழைக்காலத்தில் குடில் படகாகிவிடும். பசையின் மணத்துக்குக் கரப்பான் வரும். மேடைப் பலகைக்குச் செல் வரும். பகல் வெப்பத்தில் தண்டவாளம் நீளுமாதலின் இணைப்புகளில் இடைவெளி விடுதல் கட்டாயம். சீமைப் புத்தகங்கள் குளிரான மாடி அறையை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றின் அறிவுரையை அப்படியே கொள்ளலாகாது. பச்சை நிறத்திலும் ஒரு சங்கடம் உண்டு. நம் கண் ரப்பர்க்காட்டுப் பச்சைக்குப் பழகியது. அதே கையால் ஆங்கிலப் புல்வெளியைத் தீட்டினால் அது பகாங் மாநிலத்துப் புல்வெளியாகிவிடுகிறது. சிறிது சாம்பலும் மஞ்சளும் கலந்து வெளுக்கச் செய்தல் வேண்டும்.

எல்லாம் சரி, அந்நியன் நாட்டு ரயிலை ஏன் செய்ய வேண்டும், நம் பாட்டனார் இட்ட பாதையைச் செய்தாலென்ன என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆங்கிலப் பள்ளியில் படித்த நாம், குரூ, டார்பி, டான்காஸ்டர் என்னும் ஊர்களின் பட்டறைகளை அறிந்த அளவு நம் ஊர்ப் பட்டறையை அறியவில்லை. ஆயினும் இரண்டும் வேறல்ல. 1938 முதல் 1946 வரை மலாயா ரயில்வேக்கு வந்த 56-ஆம் வகுப்பு நீராவி எஞ்சின்கள் 66-உம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் செய்யப்பட்டவை. பிரிட்டனின் பாதைகளுக்கு எஞ்சின் செய்து தந்த அதே பட்டறை. ஒன்றை வரைய அறிந்தவனுக்கு மற்றது அயலன்று.

இந்நாட்டின் முதல் இருப்புப் பாதை 1885 ஜூன் 1-ஆம் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வருவிக்கப்பட்ட பயனியர் படையினர் அதனை இட்டனர். நீளம் எட்டு மைல். நான்கு மில்லிமீட்டர்க் கணக்கில் 169 மீட்டர். கோலா செபத்தாங் என்று இன்று வழங்கும் அவ்வூரில் பாதை இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என்னும் நால்வகை எழுத்தோடு நிற்கிறது. அந்நிலையத்தைச் செய்வதாக இருந்தால், நம் ரயில்வேயின் அகலம் ஒரு மீட்டர். 4 மில்லிமீட்டர்க் கணக்கில் 13.12 மில்லிமீட்டர் வருகிறது. கடையில் கிடைக்கும் தண்டவாளம் 12 மில்லிமீட்டர். அதனை வாங்கி இட்டால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். 13.12 வேண்டுமாயின் ஒவ்வொரு கட்டையையும் அறுத்து, ஒவ்வொரு தண்டவாளத்தையும் அளவுகோல் வைத்துப் பற்றவைத்து, சக்கரங்களை அச்சில் இழுத்து அகற்ற வேண்டும். பெயர்ப்பலகைக்கு அட்டை அறுத்தாயிற்று, 13.12-இல் முதல் ஓரடித் தண்டவாளமும் பலகையில் ஏறியிருக்கிறது.